ரூம் அப்பா

பகல்நேரக் காப்பகத்து அக்கா என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே நிற்க வைத்தே பேசினார். அன்று காலையில்தான் சேர்த்துவிட்ட என் சின்ன மகன் அவர் இடுப்பில் இருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு.

பாத்ரூமுக்குள் போனவன் கதவைத் தள்ளிச் சாத்தியிருக்கிறான். தாழ்ப்பாள் தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. பிள்ளைகளைச் சாப்பிட உட்காரவைத்துத் தலை எண்ணும்போதுதான் ஒன்று குறைவது தெரிந்திருக்கிறது. கதவை நெம்பித் திறந்தால், ஈரத்தரையில் உட்கார்ந்து வாயை முழுசாகத் திறந்து அழுதுகொண்டிருக்கிறான். சத்தம் மட்டும் இல்லை.

"டிவியை மியூட்ல போட்ட மாதிரி இருந்துச்சு," என்றார் அக்கா. "பையன் பேசுவான்ல?"

பேசுவான், வாய் ஓயாது என்றேன். அதற்குச் சாட்சி சொல்வது போல அவன் என் பக்கம் சாய்ந்து காதில் ஆரம்பித்தான். கதவு கெட்டது, தாழ்ப்பாளும் கெட்டது, அக்கா நல்லது, முட்டையில் மஞ்சள் பிடிக்கலை, செருப்பு ஒண்ணு காணோம். அக்காவின் இடுப்பில் இருந்துகொண்டுதான் இத்தனையும் சொன்னான். அவருக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவன் உதட்டையும் என் காதையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்.

அக்கா நியாயமானவர். திட்டவில்லை. ஒரு பெரிய கூடம், கூட்டமாகப் பிள்ளைகள், உதவிக்கு ஒரே ஒரு பெண், தான் பாதி நேரம் சமையலறையில் நிற்பவள் என்று சொன்னார். கூப்பிடத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு தன்னால் நிம்மதியாக அடுப்பைப் பற்றவைக்க முடியாது என்றார். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பழக்கிக் கூட்டி வரவேண்டும். திங்கட்கிழமை அவன் கூப்பிடுவது சமையலறையில் இருக்கும் அவருக்குக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேறு இடம் கிடையாது. இருந்த ஒன்றிரண்டும் எங்கள் கைக்கு எட்டாதவை.

கிடங்கு வேலையை நான் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர்க்கிடங்கு. பெரியவள் பிறப்பதற்கு முன்பிருந்தே நைட் ஷிஃப்ட். ஒரு நாள் பாதி ஷிஃப்டில் கையுறையைக் கழற்றி ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். சண்டை இல்லை, காரணமும் இல்லை. சண்டை இருந்திருந்தால் வீட்டில் சொல்வதற்கு வசதியாக இருந்திருக்கும். காப்பகத்தில் சேர்ப்பதற்கு முந்தின வாரம்கூடச் சூப்பர்வைசர் போனில் சிரித்தார். உன்னை மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், திரும்பி வருவாய், இந்த மாதக் கடைசி வரை உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்.

என் மனைவி தன் பழைய கண்ணாடிக் கடைக்குப் போய், லென்ஸ் தேய்க்கும் மிஷின் முன்னால் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் ஒரு டயர் கடையில் பகல் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேரவேண்டும். எல்லாம் காப்பகத்தை நம்பி. காப்பகம் கைவிட்டால் அவள் கடையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கவேண்டும், நான் கிடங்குக்குப் போகவேண்டும். நான் கிடங்குக்குப் போனால் பகலில் தூங்கவேண்டும். நான் பகலில் தூங்கினால் வீடு மறுபடி வாயை மூடவேண்டும். பையன் கத்தாமல் போனதே அந்த மூடிய வாயால்தான்.

எங்கள் வீட்டு அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கும். கதவுக் கீல்களுக்கு வாராவாரம் எண்ணெய். அழைப்பு மணியின் ஒயரை எப்போதோ பிடுங்கியாயிற்று. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே துணி. நானும் மனைவியும் சண்டை போட்டதுகூடக் கிசுகிசுப்பில்தான். கிசுகிசுப்பில் கெட்ட வார்த்தை பேசினால் அது கொஞ்சல் மாதிரி கேட்கும், அதனால் பாதிச் சண்டைகள் உருப்படாமல் போயின.

பெரியவளுக்கு மேனேஜர் என்று பெயர். ஒன்பது வயது. அப்பா தூங்கும்போது வீட்டை நடத்துவது அவள். தம்பிகள் இருவரையும் கண்ணாலேயே உட்காரவும் எழவும் வைப்பாள். நடுவுள்ளவன் வால். பள்ளிக்கூடத்தில் இவன் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று ஆசிரியை புகார் சொல்லியிருக்கிறார். அதே பையன் வீட்டு வாசலை மிதித்ததும் செருப்போடு குரலையும் கழற்றிப் போட்டுவிடுவான். சிரிப்பு வந்தால் தோள் மட்டும் குலுங்கும். அக்காவும் தம்பியும் மயிரைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள், மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும்.

கடைக்குட்டிக்கு உருண்டை என்று பெயர். அவனைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயது ஆகப்போகிறது. அவன் இந்த வீட்டிலேயே பேசக் கற்றுக்கொண்டவன். எல்லோரும் எப்படிப் பேசினார்களோ அப்படித்தான் பேசினான். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. மீனுக்கு ஈரம் தெரியுமா என்ன. அது போக, கிசுகிசுப்பாகப் பேசுவதோடு அவன் நிற்கவில்லை, அடுத்தவர்களையும் அடக்குவான். குக்கர் விசில் அடித்தால் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பான். தும்மினால் உஷ். பக்கத்துத் தெரு நாய்க்கு ஜன்னல் வழியாக உஷ்.

அன்று சாயங்காலம் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். மனைவி விஷயத்தைச் சொன்னாள். உருண்டைக்குக் கத்தச் சொல்லிக் கொடுக்கவேண்டும், அதற்கு முதலில் நாம் கத்தவேண்டும்.

மேனேஜர் வாயைத் திறந்தாள். பழைய கதவு போல ஒரு கீச்சு வந்தது. வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். மனைவி முயற்சி செய்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை. நான் கத்தியது எனக்கே ஏதோ பொருள் விழுந்த மாதிரி இருந்தது. வால்தான் தன் பள்ளிக்கூடக் குரலை எடுத்து ஒரு கத்து கத்தினான். உருண்டை ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினான். மூடியிருந்த படுக்கையறைக் கதவைச் சுட்டிக்காட்டினான். உஷ்.

நாங்கள் விரலைப் பார்த்தோம், அது காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். காது சரி, தொண்டை சரி, எல்லாம் சரி என்றார். கருவிகளை அவர் தட்டில் போட்டபோது எழுந்த சத்தத்துக்கு உருண்டை அவரையும் அடக்கினான். டாக்டர் சாரி சொன்னார்.

அதற்கடுத்த நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூவரையும் ரயில் மேம்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். கீழே சரக்கு ரயில் போகும்போது கத்தினால் யாருக்கும் கூச்சம் இருக்காது என்பது என் திட்டம். ரயில் வந்தது. வால் கத்தினான். மேனேஜருக்கே கொஞ்சம் குரல் வந்தது. உருண்டை கம்பி இடுக்கில் முகத்தை வைத்து ரயிலைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தான். ரயில் நீளமானது, நேரம் எடுத்துக்கொண்டது. அவனும் விரலை எடுக்கவில்லை. கடைசிப் பெட்டி போய் எல்லாம் அடங்கியதும் கையை இறக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அடக்கிவிட்டேன் என்கிற திருப்தி முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கு அங்கேயே உட்காரவேண்டும் போல இருந்தது. திரும்பும் வழியில் கிடங்கின் வாடை மூக்கில் வந்தது. அங்கே கிடங்கு எதுவும் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மேனேஜர்தான். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். சாத்திய கதவுக்கு முன்னால், தரையில், உரித்த வாழைப்பழத்தில் பாதி. கீழே ஒரு சின்னத் தட்டு. யார் வைத்தது என்று கேட்டாள். உருண்டை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"யாருக்குடா?"

"ரூம் அப்பாக்கு," என்றான், கிசுகிசுப்பாக.

மேனேஜர் குத்தவைத்து உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். என்னைக் காட்டி இது யார் என்று கேட்டாள். அப்பா என்றான். ரூமுக்குள் யார்? ரூம் அப்பா. அவர் என்ன செய்கிறார்? தூங்குது. எப்போது எழுந்திருப்பார்? அந்தக் கேள்விக்கு அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். ரூம் அப்பா எழுந்திருக்காது, தூங்கும், அவ்வளவுதான்.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வயதுக்கு அந்தப் பார்வை அதிகம்.

அவன் பக்கமிருந்து யோசித்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவன் பிறந்ததிலிருந்து காலை முதல் அந்தக் கதவு மூடியிருக்கும். உள்ளே அப்பா தூங்குகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளே போக அவனை ஒருபோதும் விட்டதில்லை. அவனைத் தாயோடு கூடத்தில்தான் படுக்கவைத்திருந்தோம். சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து சாப்பிட்டுவிட்டு, தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போவான். அந்த ஆள் இப்போது பகலெல்லாம் வீட்டில் சுற்றுகிறான். சரி. ஆனால் பழக்கதோஷத்தில் அந்தக் கதவை நாங்கள் இன்னும் சாத்தியே வைத்திருந்தோம். தூங்கியவர் எழுந்துவிட்டார் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மனைவி வந்ததும் மேனேஜர் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மனைவி கைப்பையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு புருஷனை வச்சுக் காலம் தள்ளியிருக்கேன்," என்றாள். "எனக்கே தெரியலை பாருங்க."

வெள்ளிக்கிழமை அறையைத் திறந்தேன். ஜன்னலுக்கு அடித்திருந்த கறுப்புத் தார்ப்பாயையும் அதற்குப் பின்னால் இருந்த அட்டையையும் பிய்த்தேன். வெயில் உள்ளே விழுந்தது. அந்த அறையில் ஒரு நீலச் சுவர் இருப்பதே எனக்கு மறந்திருந்தது. உருண்டை வாசற்படியில் நின்று பார்த்தான், கால் வைக்கவில்லை. நான் உள்ளே நின்று, பார், யாரும் இல்லை என்று கையை விரித்தேன். மெதுவாக வந்தான். தலையணையைத் தூக்கிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அலமாரியைத் திறந்து என் சட்டைகளை விலக்கினான். காணோம்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ரூம் அப்பா ரூமில் இல்லையென்றால் வேறு எங்கோ தூங்குகிறார் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பாத்ரூம் கதவை எட்டிப் பார்த்தான். பீரோவுக்குப் பின்னால் பார்த்தான். எங்கே படுத்திருக்கிறாரோ, எதை மிதித்துவிடுவோமோ என்று நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தான். இதுவரை கிசுகிசுத்தவன் இப்போது உதட்டை மட்டும் அசைத்தான்.

"சூப்பர்ப்பா," என்றான் வால். "இதுவரைக்கும் ஒரு ரூம்லதான் தூங்கினார். இப்ப வீடு ஃபுல்லா தூங்குறார்."

அவனை அடிக்கக் கை வந்தது. சொன்னது சரியாக இருந்ததால் விட்டேன்.

ரூம் அப்பா எழுந்திருப்பதை அவன் கண்ணால் பார்க்கவேண்டும், அதுவும் அவனே எழுப்ப வேண்டும் என்பது மேனேஜரின் முடிவு. சனிக்கிழமை மனைவி கடைக்குப் போனபிறகு, சட்டம் போட்டாள். நான் அந்தக் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுக்கவேண்டும். கிசுகிசுத்தால் அசையக்கூடாது. தொட்டால் அசையக்கூடாது. சத்தமாகக் கூப்பிட்டால் மட்டும் எழவேண்டும்.

படுத்தேன். உருண்டை வந்து என்னைக் கண்டதும் அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, தொலைந்த பொருள் கிடைத்தவன் விடுகிற மூச்சு. காதருகே வந்து அப்பா என்றான். நான் அசையவில்லை. ஒரு விரலால் என் இமையைத் தூக்கி உள்ளே பார்த்தான். நான் அசையவில்லை, ஆனால் வயிறு குலுங்கியது. இமையை ஜாக்கிரதையாக மூடிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். பிள்ளை நல்லபடியாகத்தான் வளர்ந்திருக்கிறது.

மேனேஜர் வந்து என்னைத் திட்டினாள். உங்களுக்கு நடிக்கவே வரவில்லை, ஒழுங்காகத் தூங்குங்கள் என்றாள். இரண்டாவது தடவை படுத்தேன். வெயில் காலில் பட்டது. வேலையை விட்டதிலிருந்து நான் ராத்திரியும் தூங்கவில்லை, பகலிலும் தூங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெயிலில், யாராவது வந்து கத்தட்டும் என்று காத்துக்கொண்டிருந்தவன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டேன்.

அதன்பிறகு கூடத்தில் நடந்ததை மேனேஜர் சொல்லித்தான் தெரியும். வாலுக்கு அலுப்பு. நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகுக் கட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்திருக்கிறான். நுழைந்த தலை திரும்பி வரவில்லை, காது தடுத்தது. மேனேஜர் இழுத்தாள். சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து தேய்த்தாள். வால் அழுதான். பள்ளிக்கூடக் கூரையையே பிய்க்கிற மாதிரி கத்துகிறவன், தலை மாட்டிக்கொண்டு, காது சிவந்து வீங்கி, சத்தமில்லாமல் அழுதான். மேனேஜரும் கத்தவில்லை. கூப்பிடும் தூரத்தில் நான் இருந்தேன், ஆனால் அப்பா தூங்கும்போது கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. ஒன்பது வருடப் பழக்கம் ஒரு சனிக்கிழமையில் போகுமா.

உருண்டை அண்ணனின் முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். அப்புறம் என் அறைக்கு வந்தான். கிசுகிசுத்திருப்பான், எனக்குத் தெரியாது. திரும்பப் போய் அண்ணனைப் பார்த்தான். மறுபடி வந்தான்.

"அப்பா எந்திரி."

கட்டிலோடு தூக்கிப் போட்டது போல விழித்துத் துள்ளினேன், தலை அலமாரியில் மோதியது. அது பிள்ளைக் குரலாகவே இல்லை. கரகரவென்று, ஓட்டைப் பானைக்குள்ளிருந்து வருவது போல, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குரல். வாசலில் அவன் நின்றிருந்தான். தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டி, இது எங்கிருந்து வந்தது என்று அவனும் தேடிக்கொண்டிருந்தான்.

நான் உட்கார்ந்தேன். காலைத் தரையில் ஊன்றினேன். நின்றேன். அவன் என் காலிலிருந்து தலைவரை பார்த்தான். கையை வாயிலிருந்து எடுத்தான்.

"எந்திரிச்சாச்சு," என்றான்.

சாதாரணக் குரலில். பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற குரலில்.

என் விரலைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப் போனான். நாற்காலிக் கட்டை ஒன்றைக் காலால் உதைத்து உடைத்தேன். தலை வெளியே வந்தது. வால் ஒரு நிமிடம் காதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அடக்கிவைத்த அழுகையை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து அவிழ்த்துவிட்டான். உருண்டை அவனை அடக்கவில்லை. எழுந்து நிற்கும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தானும் சேர்ந்து அழுதான், காரணம் இல்லாமல், தொண்டை கிழிய. மேனேஜர் இரண்டு பேரையும் வாயை மூடச் சொல்லிக் கத்தினாள். நன்றாகவே கத்தினாள். அவள் குரல் அவள் அம்மாவின் குரல் மாதிரி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடமான டெய்லர், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். ஏதாவது ஆபத்தா என்று கேட்டார். உள்ளே எட்டி மூன்று பேரையும் எண்ணினார்.

"மேல வயசானவங்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு நினைச்சேன் சார்," என்றார். "படிக்கட்டுல இந்தப் பசங்களைப் பார்ப்பேன். டியூஷனுக்கு வர்றாங்க போலன்னு விட்டுட்டேன்."

இவர்கள் என் பிள்ளைகள் என்றேன். சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எவரும் படுக்க முடியவில்லை. உருண்டைக்குச் சத்தமாகச் சொல்ல ஒரே வாக்கியம்தான் தெரியும், அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுப்பினான். அம்மாவைப் பார்த்து அப்பா எந்திரி. பிரிட்ஜைத் திறந்து அப்பா எந்திரி. உடைந்த நாற்காலியிடமும் அதையே சொன்னான். மனைவி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றதெல்லாம் இன்னும் மெதுவாகத்தான் வந்தது, பசிக்குது என்பதும் தண்ணி வேணும் என்பதும் பழைய மாதிரியே காதில் சொல்ல வேண்டியவை. நாளைக்கு அக்காவைக் கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடுவாய் என்று மேனேஜர் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் அவள் காதருகே போய் அக்கா என்றான். பூனை நடந்தது போல இருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை காப்பகத்தில் விட்டேன். தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டதாக அக்கா சொன்னார். சோதனை என்று தனியாக எதுவும் வைக்கப்போவதில்லை, பாத்ரூம் போய் முடித்த பிள்ளைகள் கழுவிவிட அவரைக் கூப்பிடுவார்கள், இவனும் கூப்பிடட்டும் என்றார். அப்பா அம்மா வாசலில் நின்றால் பிள்ளைக்கு நாடகம் போடத் தோன்றும், கிளம்புங்கள் என்று என்னை விரட்டினார்.

கிளம்பவில்லை. டயர் கடைக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனேன். பாத்ரூமின் உயர்ந்த சின்ன ஜன்னலுக்குக் கீழே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். ஏதோ உருண்டது, யாரோ யாரையோ கடித்ததாகப் புகார். அந்தப் பக்கம் சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. இந்த இரைச்சலுக்குள் கிசுகிசுப்பு எதற்கு ஆகும் என்று நினைத்தேன். சந்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பாத்ரூம் ஜன்னலுக்குக் கீழே நிற்கிற என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் பையன் உள்ளே இருக்கிறான் என்றேன். அது இன்னும் மோசமாக ஒலித்தது.

யாரோ போனார்கள், கூப்பிட்டார்கள், கழுவப்பட்டார்கள். அவன் இல்லை. மிக்ஸி நின்றது, மறுபடி ஓடியது. அப்புறம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எனக்கு மட்டும் தெரிகிற ஒரு முனகல். காரியம் நடக்கும்போது அவன் போடுகிற முனகல். அப்புறம் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பது நீண்டது. கூப்பிடுடா என்று என் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. அசைந்தது எனக்குத் தெரிந்தபோது எரிச்சலாக இருந்தது. உள்ளே ஒரு மெல்லிய "அக்கா" கேட்டது. மிக்ஸி அதை அரைத்துவிட்டது. இன்னொன்று. அதுவும் போயிற்று.

சுவரில் கையை வைத்து நின்றேன். இன்றைக்கு ராத்திரியே வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பா எந்திரி."

அதே ஓட்டைப் பானைக் குரல். டைல்ஸ் பதித்த பாத்ரூமுக்குள் அது இரண்டு மடங்காகி ஜன்னல் வழியாகச் சந்துக்கு வந்தது. மிக்ஸி நின்றது. கூடத்தில் பிள்ளைகளும் நின்றார்கள். ஒரு நொடி அந்தக் கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"இந்தா எந்திரிச்சுட்டேன், வர்றேன்டா ராசா," என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. செருப்பு சடசடவென்று ஓடிவந்தது. வந்துகொண்டே, அப்பான்னு கூப்பிடு, தாத்தான்னு கூப்பிடு, என்னன்னு வேணாலும் கூப்பிடு, கேட்டுச்சு, அது போதும் என்று பேசிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஒரு பிள்ளை அப்பா எந்திரி என்றது. இன்னொன்று சேர்ந்தது. பிறகு மொத்தக் கூட்டமும் தாளம் தட்டிக் கத்த ஆரம்பித்தது. உதவிக்கு இருந்த பெண் அடக்கிப் பார்த்தாள், நடக்கவில்லை.

தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது.

"தண்ணி சில்லுனு இருக்கு," என்று உருண்டை கத்தினான்.

நான் சுவரிலிருந்து கையை எடுத்தேன். அந்த வாக்கியத்தை அவனுக்கு யாரும் சத்தமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கா ஏதோ சமாதானம் சொன்னார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சில்லுனு இருக்கு, வேணாம், சுடுதண்ணி வேணும், அக்கா கெட்டது என்று ஒவ்வொன்றையும் முன்னதைவிடப் பெரிதாகச் சொன்னான். அக்கா எதிர்த்துப் பேசினார். அவன் அதற்கும் பதில் வைத்திருந்தான். திரும்பி வந்த முதல் நாளே சண்டை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

டயர் கடைக்கு நடக்கும்போதே சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருக்கவேண்டும், குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. நான் வரப்போவதில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறாயா என்று கேட்டார். யோசித்தாயிற்று என்றேன்.

"சரிய்யா," என்றார். "அதுக்கு ஏன் இப்படிக் கத்துற?"

அப்போதுதான் கவனித்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை, அதே சத்தத்தில், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.